செஞ்சிக் கோட்டைப் பள்ளமும் ஒரு லாங் ஜம்ப் கணக்கும்

திண்டிவனத்துலேர்ந்து திருவண்ணாமலை போற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவங்களுக்கு செஞ்சியைப் பற்றி நான் புதுசா சொல்ல வேண்டியதில்லை. யாரோ பாறாங்கல்லை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி மூணு மலை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம். மூன்றையும் இணைச்சு ஒரே மதில். சுற்றளவு மட்டும் சுமார் 13 கிலோமீட்டர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, அதில் மகாராஷ்டிராவுக்கு வெளியில இருக்கிற ஒரே கோட்டை நம்ம செஞ்சிதான்.

கோட்டையோட வரலாறு நிறைய பேர் எழுதியாச்சு. இது வேற மாதிரி ஒரு கணக்கு. வரலாறும் உண்டு, விளையாட்டும் உண்டு. கொஞ்சம் பொறுமையா படிங்க மக்களே.

ராஜகிரிதான் மூணுல உயரம். சுமார் 800 அடி. படி ஏறி ஏறி மூச்சு வாங்கி, கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துட்டோம்னு நினைக்கிற நேரத்தில் ஒரு பிளவு குறுக்கே வரும். பாறை இரண்டா பிளந்து நிற்கும். இயற்கையா இருந்த பிளவை மனுஷங்க வெட்டி இன்னும் நீளமாக்கி, ஆழமாக்கியிருக்காங்க. பழைய நூல்கள் எல்லாம் இதுக்குக் கொடுக்கிற அளவு: அகலம் சுமார் 24 அடி, ஆழம் சுமார் 60 அடி. அதைக் கடக்க ஒரு பாலம். அந்தக் காலத்தில் எதிரி வந்தா பாலத்தை எடுத்துடுவாங்க. அப்புறம் உச்சிக்கோட்டை தனித் தீவு. மேல ரங்கநாதர் கோயில் இருக்கு, தானியக் களஞ்சியம் இருக்கு, பீரங்கி இருக்கு. எதிரி இந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

இப்போ கேள்வி. பாலத்தை எடுத்துட்டா, அந்த 24 அடியை ஒரு மனுஷன் தாண்ட முடியுமா?

சிரிக்காதீங்க. 24 அடின்னா 7.32 மீட்டர். லாங் ஜம்ப், அதாவது நீளம் தாண்டுதல் பார்க்கிறவங்களுக்கு இந்த எண் அவ்வளவு பயமுறுத்தற எண் இல்லை. உலக சாதனை 8.95 மீட்டர். அமெரிக்காவின் மைக் பவல் 1991 ஆகஸ்ட் 30 அன்று டோக்கியோவில் தாண்டியது. அடிக்கணக்கில் 29 அடி நாலேகால் அங்குலம். பள்ளத்துக்கு மேல ஐந்து அடி மிச்சம் வருது.

ஆனா எப்பவுமே இப்படி இல்லை. ஒலிம்பிக் தங்கப் பதக்கக்காரங்களை ஒவ்வொருத்தரா கூட்டிட்டு வந்து ராஜகிரி ஓரத்தில் நிறுத்திப் பார்த்தா சுவாரஸ்யமா இருக்கும்.

1896 ஏதென்ஸ், முதல் நவீன ஒலிம்பிக். ஜெயிச்சவர் அமெரிக்காவின் எல்லரி கிளார்க், 6.35 மீட்டர். பள்ளத்தில் விழுந்துட்டார். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் குறைவு.

1900 பாரிஸ். ஆல்வின் கிரான்ஸ்லைன், 7.185 மீட்டர். இவரும் காலி. 13 சென்டிமீட்டர் போதலை. (இந்தக் கிரான்ஸ்லைனை நமக்கு வேற வழியிலும் தெரியும். கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிச்சர்ட் அதே பாரிஸில் 200 மீட்டர் தடை ஓட்டத்தில் வெள்ளி வாங்கினாரே, அவரை முந்தி தங்கம் வாங்கினவர் இவர்தான்.)

1904 செயிண்ட் லூயிஸ். மேயர் பிரின்ஸ்டீன், 7.34 மீட்டர். அப்பாடா, ஒருத்தர் தாண்டிட்டார்! இரண்டரை சென்டிமீட்டர் வித்தியாசத்தில்.

இந்தப் பிரின்ஸ்டீன் கதையைச் சொல்லாம நகர முடியாது. 1900 பாரிஸ்லேயே அவர் இருந்தார். சனிக்கிழமை தகுதிச் சுற்றில் 7.175 தாண்டி முதலிடத்தில் இருந்தார். இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. அவர் படிச்சது கிறிஸ்தவ சபை சார்ந்த பல்கலைக்கழகம். ஞாயிற்றுக்கிழமை விளையாடக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. இத்தனைக்கும் பிரின்ஸ்டீன் யூதர்! அவருக்கு ஓய்வு நாள் சனிக்கிழமை. அவர் வரலை, கிரான்ஸ்லைன் ஞாயிற்றுக்கிழமை வந்து தாண்டி ஒரே ஒரு சென்டிமீட்டரில் தங்கத்தைத் தட்டிட்டுப் போயிட்டார். கோபத்தில் பிரின்ஸ்டீன் அவர் முகத்தில் குத்தினதாகவும் சொல்வாங்க. நாலு வருஷம் கழிச்சுதான் பிரின்ஸ்டீனுக்குத் தங்கம் கிடைச்சது.

ஒலிம்பிக்குக்கு வெளியில பார்த்தா 24 அடியைத் தெளிவா தாண்டினவர் அயர்லாந்தின் பீட்டர் ஓ'கானர். 1901 ஆகஸ்ட் 5, டப்ளின், 7.61 மீட்டர். சர்வதேச தடகள சம்மேளனம் அங்கீகரிச்ச முதல் லாங் ஜம்ப் உலக சாதனை இதுதான். உலக சாதனையா இருபது வருஷம் நின்னது. அயர்லாந்து சாதனையா 1990 வரைக்கும் நின்னது. அப்புறம் 1935ல் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 8.13. அது 1960 வரைக்கும். 1968 மெக்ஸிகோவில் பாப் பீமன் 8.90. முந்தின சாதனையை விட ஒரேயடியா 55 சென்டிமீட்டர் அதிகம். அளக்கிறதுக்கு வெச்சிருந்த கருவியே அவ்வளவு தூரத்துக்கு எட்டலை, டேப்பை எடுத்துட்டு வந்து அளந்தாங்க.

ஆக, செஞ்சிப் பள்ளம் சுமாரான பள்ளம்தான், இன்னிக்கு நல்ல காலேஜ் பையன் ஒருத்தன் தாண்டிடுவான்னு முடிவு கட்டிடலாமா?

கூடாது. இங்கேதான் கோட்டை கட்டினவங்களோட மூளை தெரியுது.

லாங் ஜம்ப்னு பேர் வெச்சிருக்கோமே தவிர, அது முக்கால்வாசி ஓட்டம். விதிப்படி ஓடி வர பாதை குறைஞ்சது 40 மீட்டர் இருக்கணும். பெரிய வீரர்கள் ஏறக்குறைய இருபது எட்டு ஓடி வருவாங்க. பலகையில் கால் வைக்கும்போது வேகம் வினாடிக்குப் பத்து மீட்டருக்கு மேல. அந்த வேகத்தைத்தான் அப்படியே காற்றில் தூக்கிப் போடறாங்க. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் படிச்சவங்க, எறியற பொருள் அதிக தூரம் போக 45 டிகிரி சாய்வில் எறியணும்னு படிச்சிருப்பீங்க. லாங் ஜம்ப்காரங்க கிளம்பறது கிட்டத்தட்ட 20 டிகிரியில். 45க்கு எழும்பணும்னா ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்கணும். வேகத்தை இழக்கிறதை விட உயரத்தை விட்டுக் கொடுக்கிறது லாபம்னு அவங்க உடம்புக்குத் தெரியும்.

சரி, ஓடாமல் நின்ன இடத்திலிருந்தே தாண்டினா? அதுக்கும் ஒரு காலத்தில் ஒலிம்பிக் பதக்கம் இருந்தது. 1900லேர்ந்து 1912 வரைக்கும் நின்று தாண்டும் போட்டிகள் நடந்தன. அதில் ராஜா, அமெரிக்காவின் ரே யூரி. சின்ன வயசில் போலியோ வந்து சக்கர நாற்காலியில் கிடந்த பையன். விடாம பயிற்சி செஞ்சு எழுந்து, 1900, 1904, 1908 மூணு ஒலிம்பிக்கிலும் சேர்த்து எட்டு தங்கம். 1904ல் அவர் நின்ன இடத்திலிருந்து தாண்டியது 3.47 மீட்டர். பதினோரு அடி சொச்சம். செஞ்சிப் பள்ளத்தில் பாதி கூட இல்லை!

இப்போ ராஜகிரிக்கு வாங்க. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கு? செங்குத்தா ஏறுகிற படியும் பாறையும். 40 மீட்டர் சமதளத்தில் நேரா ஓடி வர இடமே கிடையாது. 700 அடிக்கு மேல ஏறி வந்த கால்கள் வேற. கையில் ஆயுதம். எதிர்ப்பக்கம் மணல் குழி கிடையாது. மதிலும் வாசலும், அதுக்குப் பின்னால ஈட்டியோட ஆளும்தான்.

இன்னொன்று. போட்டியில் தூரத்தை அளக்கிறது மணலில் பலகைக்குக் கிட்டத்தில் பதிஞ்ச தடத்திலிருந்து. தாண்டறவங்க காலை முன்னாடி நீட்டி, உடம்பு பின்னாடி இருக்கிற மாதிரிதான் இறங்குவாங்க. மணல் என்பதால் வழுக்கி முன்னால போய் உட்கார்ந்துக்கலாம். கருங்கல் விளிம்பில் அப்படி இறங்கினா? நம்ம பிரின்ஸ்டீனோட இரண்டரை சென்டிமீட்டர், குதிகால் வைக்கக்கூடப் பத்தாது. மல்லாக்க 60 அடி கீழே போயிருப்பார் பாவம். போட்டியில் ஃபவுல் ஆனா சிவப்புக் கொடி காட்டுவாங்க. இங்கே கொடி காட்ட ஆள் தேவையில்லை.

அதனால செஞ்சிப் பள்ளத்தோட பலம் 24 அடி மட்டும் இல்லை. ஓடி வர இடம் கொடுக்காததுதான் அதோட பெரிய பலம். நாற்பது மீட்டர் ஓட்டத்தைப் பிடுங்கிட்டா உலக சாம்பியனும் பதினோரு அடிக்காரன்தான். அந்தக் கணக்கு யாருக்குத் தெரியுமோ தெரியாதோ, மலையில் கல் வெட்டினவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

செஞ்சி விழுந்த ஒவ்வொரு தடவையும் பாருங்க, தாண்டிப் பிடிச்ச கதையே கிடையாது. ஔரங்கசீப்போட தளபதி சுல்ஃபிகர் கான் 1690ல் முற்றுகை போட்டு, கோட்டை கைக்கு வர 1698 ஆயிடுச்சு. அதுக்குள்ள உள்ளே இருந்த ராஜாராம் தப்பிச்சுப் போயிட்டார். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடிச்சார். வெடி வெச்சு வாசலைப் பெயர்த்து, இருட்டில் மலை மேல ஏறி. 1761ல் புதுச்சேரியே ஆங்கிலேயர் கைக்குப் போனப்புறம், உதவிக்கு வர ஆள் இல்லாமல் செஞ்சியும் ஏப்ரலில் சரணடைஞ்சது. பசி, வெடிமருந்து, ராத்திரி, தனிமை. இதெல்லாம்தான் கோட்டையை ஜெயிச்சது. பள்ளம் கடைசி வரைக்கும் தோற்கலை.

செஞ்சின்னு சொல்லிட்டு தேசிங்கு ராஜாவையும் அவர் குதிரையையும் விட்டா ஊர்க்காரங்க அடிக்க வருவாங்க. தேஜ் சிங் என்கிற அந்த இளைஞர் செஞ்சியை ஆண்டது சில மாசம்தான். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து 1714 அக்டோபரில் போர்க்களத்தில் செத்தார். வயசு இருபத்திரண்டுன்னு சொல்வாங்க. ஆனா தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் அவர் இன்னும் சாகலை. டெல்லியில் யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கினவர். அந்தக் குதிரை மேல ஏறினா ஆறும் மலையும் ஒரு பொருட்டே இல்லை.

குதிரை எவ்வளவு தூரம்தான் தாண்டும்? அதுக்கும் அளந்த கணக்கு இருக்கு. சர்வதேச குதிரையேற்ற சம்மேளனத்தின் பதிவுப்படி, தண்ணீர்த் தொட்டிக்கு மேல நீளம் தாண்டின சாதனை 8.40 மீட்டர். 1975ல் ஜோஹன்னஸ்பர்கில் ஆந்த்ரே ஃபெரெய்ரா ஓட்டின 'சம்திங்' என்கிற குதிரை. நம்ம பள்ளத்தை அது தாண்டிடும், ஆனா படி ஏறி அங்கே வரணுமே! முதுகில் ஆளைச் சுமந்துக்கிட்டு தாண்டியது என்பதால் குதிரையைக் குறைச்சு மதிப்பிடவும் கூடாது.

கதையில் தூரம் கூடிப்போறது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்லை. பழைய கிரேக்கத்தில் குரோட்டன் ஊர் பைலோஸ் என்கிறவர் 55 அடி தாண்டி, குழிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்து கால் ஒடிஞ்சதா கதை. அந்த ஆள் நிஜம். சலாமிஸ் கடற்போரில் தன் கப்பலோட வந்து சண்டை போட்டவர். தாண்டின 55 அடி மட்டும் நிஜமா இருக்க வழியில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட தாவல்களைச் சேர்த்துச் சொன்ன கணக்கா இருக்கலாம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. ஜனங்களுக்குப் பிடிச்சவனை அளவு நாடாவுக்குள்ள அடக்க மனசு வர்றதில்லை. தேசிங்குக்கும் அதேதான்.

ஆனா அளவு நாடாவுக்குள்ளேயே கதையை மிஞ்சற விஷயமும் நடக்கும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1974 டெஹ்ரான் ஆசியப் போட்டியில் கேரளாவின் டி.சி. யோஹன்னான் 8.07 மீட்டர் தாண்டி ஆசிய சாதனை படைச்சார். எட்டு மீட்டரைக் கடந்த முதல் இந்தியர். (கிரிக்கெட் வீரர் டினு யோஹன்னான் இவர் மகன்தான்.) அந்தத் தேசிய சாதனையை உடைக்க 2004 வரைக்கும் ஆள் வரலை. அமிர்த்பால் சிங் ஒரு சென்டிமீட்டர் கூட்டி 8.08 ஆக்கினார். முப்பது வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்! திறமை இல்லாமலா? மண் தரையில் ஓடி, இறுகிப்போன மணலில் விழுந்து எத்தனை பேர் கால் போச்சோ.

அப்புறம் 2023 மார்ச் 2. தூத்துக்குடி மாவட்டம் முதலூர்க்காரர் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.42 மீட்டர் தாண்டினார். முதலூர்னா மஸ்கோத் அல்வா ஞாபகம் வர்றவங்க, இனிமே இதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. தேசிய சாதனை. யோஹன்னானை விட 35 சென்டிமீட்டர் அதிகம். செஞ்சிப் பள்ளத்துக்கு மேல ஒரு மீட்டருக்கு மேல மிச்சம். மேல சொன்ன குதிரைக் கணக்கையும் பாருங்க: 8.40. நம்ம பையன் குதிரையை இரண்டு சென்டிமீட்டரில் ஜெயிச்சிருக்கான்!

எங்கே தாண்டினார் தெரியுமா? கர்நாடகா பெல்லாரி பக்கம், விஜயநகர் என்கிற இடத்தில். ஹம்பியை ஆண்ட அந்த விஜயநகரத்தின் பேரைத் தாங்கின ஊர். செஞ்சிக் கோட்டையைப் பெரிசாக்கின நாயக்கர்கள் அந்த விஜயநகரப் பேரரசோட ஆட்கள்தான். கோட்டைக்காரங்க ஓட இடம் கொடுக்காம பள்ளம் வெட்டினாங்க. அவங்க பேர் கொண்ட ஊரில் ஒரு பயிற்சி மையம் நல்ல ஓடுபாதையும் நல்ல மணல் குழியும் போட்டுக் கொடுத்திருக்கு. ஜெஸ்வின் பயிற்சி எடுத்ததும் அங்கேதான்.

அதுக்காக எல்லா நாளும் 8.42 வராது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜெஸ்வினுக்கு முதல் இரண்டும் ஃபவுல். மூணாவது 7.61. இறுதிக்குப் போகலை. 7.61 என்பது 1901ல் ஓ'கானர் தாண்டின அதே உலக சாதனை அளவு! ஒரு காலத்தில் உலகமே வாய் பிளந்து பார்த்த தூரம், இன்னிக்கு ஊருக்குத் திரும்பு என்கிற தூரம்.

பெண்கள் பக்கமும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கணும். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு லாங் ஜம்ப் வந்ததே 1948ல்தான். ஆண்களுக்கு வந்து 52 வருஷம் கழிச்சு. முதல் தங்கம் ஹங்கேரியின் ஓல்கா கியார்மாத்தி, 5.695 மீட்டர். நாற்பது வருஷம் கழிச்சு 1988ல் சோவியத் நாட்டின் கலினா சிஸ்டியகோவா 7.52 தாண்டி உலக சாதனை. ஏறக்குறைய 1.8 மீட்டர் வளர்ச்சி. ஆண்கள் 1896ன் 6.35லேர்ந்து 1935ன் 8.13க்குப் போனதும் ஏறக்குறைய நாற்பது வருஷம்தான், வளர்ச்சியும் ஏறக்குறைய அதே 1.8தான்! ஓடு பாதையைத் திறந்துவிட்டா யார் உடம்பும் ஒரே மாதிரிதான் முன்னேறுது.

7.32 மீட்டரைத் தாண்டின பெண்களை விரல் விட்டு எண்ணிடலாம். 2012 லண்டனில் தங்கம் வாங்கின பிரிட்னி ரீஸோட சிறந்த தாண்டல் 7.31. அரை சென்டிமீட்டரில் போச்சு! (பள்ளமே "சுமார்" 24 அடிதானே, அவருக்காகக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்.) 2003ல் உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்த அஞ்சு பாபி ஜார்ஜின் சிறந்த தாண்டல் 6.83. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில். 1900ல் பிறந்திருந்தா அந்த அஞ்சுவுக்குப் போட்டியே கிடையாது. 6.83 என்பது 1896ல் ஆண்கள் தங்கம் வாங்கின தூரத்தை விட 48 சென்டிமீட்டர் அதிகம் என்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

நம்ம ஊர் பசங்க, பொண்ணுங்க பத்தி பேசும்போது "நமக்கு உடம்பு வாகு பத்தாதுங்க" என்று சொல்றவங்களை நிறைய பார்த்திருப்பீங்க. அவங்களுக்கு முதலூரையும் 8.42ஐயும் சொல்லுங்க. பள்ளத்தோட அகலத்தைப் பார்த்து பயப்படறதுக்கு முன்னாடி, ஓடி வர இடம் கொடுத்தோமான்னு பார்க்கணும். செலவும் பெரிசா இல்லை. நேரா நாற்பது மீட்டர், ஒரு மரப்பலகை, வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்ட மணல், கூட நின்னு பார்க்க ஒரு பி.டி. வாத்தியார். இந்த நாலும் இல்லாத பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை எப்பவும் ராஜகிரிப் படியில்தான் நிக்குது, எவ்வளவு பெரிய கால் இருந்தாலும்.

உங்க ஊர் பள்ளிக்கூடத்தில் மணல் குழி இருக்கா, இல்லை புல் முளைச்சுக் கிடக்கான்னு ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாராவது செஞ்சி போனா, பாலம் இருக்கு, பாலத்து மேலேயே நடந்து போங்க சாமி. கணக்கு எல்லாம் காகிதத்தோட சரி :)